பதினாறாம் நாளில் அடைத்த கடன்

1. என்ஓசி கேட்டு வந்தவள்

கேளம்பாக்கத்தில் ஒரு வண்டிக்கடன் கம்பெனியின் கிளையில் நான் வேலை பார்த்தேன். என் மேஜைக்கு மேலே ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் கிளெய்ம்ஸ்’ என்று ஒரு போர்டு தொங்கும். கிளெய்ம் என்று கேட்டுக்கொண்டு ஜனங்கள் வந்ததே கிடையாது. வருகிறவர்கள் எல்லாம் என்ஓசி வாங்கத்தான் வருவார்கள். கடன் முடிந்தது, இனி இந்த வண்டி மேல் எங்களுக்குப் பாத்தியதை இல்லை என்று கம்பெனி எழுதிக் கொடுக்கிற தாள் அது.

ரேவதியும் அதற்குத்தான் வந்தாள். வைகாசி மாதம், நல்ல வெயில். முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கூட ஒரு ஷேர் ஆட்டோ டிரைவர், பாபு என்று பெயர்.

“மேடம், என்ஓசி குடுங்க. வண்டிய இந்த அண்ணனுக்குக் குடுத்துட்டோம். ஆர்சில பேர் மாத்தணுமாம்.”

“லோன் யார் பேர்ல?”

“அவரு பேர்ல. சங்கர்.”

“அவர வரச் சொல்லும்மா. கையெழுத்து வேணும்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பாபுதான் பேசினான்.

“அவன் போய்ச் சேந்துட்டான் மேடம். காலைல மொத ட்ரிப்பு, கோவளம் போக ஆள் ஏத்திகினு இருந்தான். நெஞ்ச புடிச்சிகினு அப்டியே சக்கரத்தாண்ட உக்காந்துட்டான். அவன் வண்டிலயே போட்டுகினு செங்கல்பட்டு ஜிஎச்சுக்கு நான்தான் ஓட்டினேன். திருப்போரூர் தாண்டறப்ப கூட ‘மச்சான், டியூ வருதுடா, கட்டிடச் சொல்லுடா’ன்னான். அதான் கடசி. அதுக்கப்பால பேச்சு இல்ல.”

கம்ப்யூட்டரில் கணக்கைத் திறந்தேன். கடன் முடிந்திருந்தது. கெடுவுக்கு முன்பே மொத்தமாகக் கட்டி முடித்ததால் ‘ப்ரீ-குளோஷர்’ என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே இன்சூரன்ஸ் என்ற இடத்தைப் பார்த்தேன். ‘ஆக்டிவ்’. பாலிசி உயிரோடு இருந்தது. ஆள்தான் இல்லை.

“பணத்த எப்பம்மா கட்டினீங்க?”

“காரியத்தன்னிக்கு. மாமனார் கட்டினாரு. சபையில வெச்சி.”

“எங்கேருந்து வந்துச்சு அவ்ளோ பணம்?”

“அதான் மேடம், வண்டிய வித்து. என் கம்மலும் போச்சு.”

எனக்கு வாய் சும்மா இருக்காது. இந்தக் கடனை நீங்கள் கட்டியிருக்கவே வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. நான் ஏதோ ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

“வாங்கினது வாங்கினதுதான மேடம். செத்துட்டா இல்லன்னு ஆயிடுமா?”

2. பிடித்தம்

ஆயிடும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டிக்கு லோன் போடுகிறவன் கைக்கு முழுத்தொகை வராது. பிராசஸிங் ஃபீஸ், டாக்குமென்ட் சார்ஜ், இன்சூரன்ஸ் பிரீமியம் என்று மூன்று நான்கு இனங்களைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். எங்கள் பக்கத்து ஜனங்கள் இது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள்: புடிப்பு. “புடிப்பு போக இவ்ளோ குடுத்தான்” என்பார்கள். அந்தக் காலத்து வட்டிக்காரன் முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு கொடுப்பான். கம்பெனியும் அப்படித்தான் தின்கிறது என்று விட்டுவிடுவார்கள். எதற்குப் பிடித்தாய் என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் லோன் தராமல் போய்விடுவானோ என்று பயம்.

அந்தப் பிடிப்பில் ஒன்று, கடன் வாங்கியவன் உயிர் மேல் போடுகிற இன்சூரன்ஸ். எங்கள் கம்பெனியும் இன்சூரன்ஸ் கம்பெனியும் சேர்ந்து ஒரு பெரிய பாலிசி வைத்திருப்பார்கள். அது மாஸ்டர் பாலிசி. கடன் வாங்கும் ஒவ்வொருவனையும் அதில் சேர்த்து, அவன் பெயருக்கு ஒரு சர்டிபிகேட் தருவார்கள். பிரீமியம் என்பது அதற்கான விலை. கடன் காலம் முழுமைக்கும் முதல் நாளே பிடித்துவிடுவார்கள். கடன் முடிவதற்குள் அவன் செத்தால், மீதி நிற்கிற அசலை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். நிற்கிற அசலுக்கு அவுட்ஸ்டாண்டிங் என்று பெயர். அதற்கு மேல் ஏதாவது மிஞ்சினால் நாமினிக்கு வரும். பணத்தை வாங்கிக்கொள்ள இவருக்கு அதிகாரம் என்று அவன் எழுதிக்கொடுத்த ஆள்தான் நாமினி. சங்கருக்கு நாமினி ரேவதி.

இவ்வளவுதான் விஷயம். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடலாம். சங்கருக்கு யாரும் சொல்லவில்லை. அவன் சர்டிபிகேட் ஒரு இமெயிலுக்குப் போயிருந்தது. அந்த இமெயிலை உண்டாக்கியவன் லோன் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட். தன் பெயரில் அப்படி ஒன்று இருப்பதே சங்கருக்குத் தெரியாது.

இனி சபை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கோடித்துணி போட்டு, பங்காளிகள் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து கேட்பார்: “இவன் யாருக்கனா தர வேண்டியது இருந்தா இப்ப சபையில சொல்லுங்க. இவனுக்கு யாரனா தர வேண்டியது இருந்தாலும் சொல்லுங்க.” கடன் இருந்தால் அங்கேயே பொறுப்பேற்க வேண்டும். முடிந்தால் அங்கேயே கட்ட வேண்டும். நல்ல வழக்கம்தான். செத்தவன் பேரைச் சொல்லி நாளைக்கு யாரும் வாசலில் வந்து நிற்கக்கூடாது என்பதற்கு ஏற்பட்டது. ஆனால் அந்தக் கேள்வி உண்டான காலத்தில் இன்சூரன்ஸ் இல்லை.

சங்கரின் அப்பா கன்னியப்பனுக்கு அந்தக் கேள்வி வெறும் சடங்கு கிடையாது. அவர் அப்பா செத்தபோது நிலத்துக்காரருக்குக் கடன் இருந்ததாம். நெல்லாகவோ பணமாகவோ, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. நிலத்துக்காரர் சொன்னதுதான் கணக்கு. பத்து வயதுப் பையன் கன்னியப்பன் அதற்காகப் பண்ணையாளாகப் போய் மீசை முளைக்கிற வரைக்கும் மாடு மேய்த்திருக்கிறார். இப்போது ஈசிஆரில் ஒரு ரிசார்ட்டில் தோட்ட வேலை. மாதச் சம்பளம், யூனிஃபார்ம். இருந்தாலும் கடன் என்ற சொல்லைக் கேட்டால் அவருக்குள் அந்தப் பையன் எழுந்து நிற்கிறான். பதினாறு நாளுக்குள் மகனின் கடனை அடைக்க வேண்டும் என்று, கேட்ட விலைக்கு வண்டியைக் கொடுத்துவிட்டார்.

வண்டி இருந்திருந்தால் ரேவதி அதை ஒரு டிரைவரிடம் தினவாடகைக்கு விட்டிருப்பாள். இரண்டு பிள்ளைகள். அதில்தான் குடும்பம் ஓடியிருக்கும்.

3. கையைத் தூக்கியவன்

எங்கள் கிளையில் கலெக்‌ஷன் பார்க்கிறவன் தினேஷ். சபையில் அவனும் இருந்திருக்கிறான். பெரியவர் கேட்டதும் பின்னாலிருந்து கையைத் தூக்கியிருக்கிறான். அன்று சாயந்திரமே அவனைப் பிடித்தேன்.

“சங்கர் லோன்ல இன்சூரன்ஸ் இருந்தது உனக்குத் தெரியுமா தெரியாதா?”

“எல்லா லோன்லயும்தான் கீது அக்கா.”

“அப்புறம் எப்டிடா அந்தப் பணத்த வாங்கின?”

“கூட்டத்துல கேட்டாங்க, கம்பெனிக்கு பாக்கி கீதான்னு. கீதுன்னேன். பொய்யா சொன்னேன்? பாக்கி இருந்துச்சி.”

“இன்சூரன்ஸ் இருக்குன்னும் சொல்லியிருக்கலாம்ல.”

“அக்கா, என் டார்கெட்டு கலெக்‌ஷன். கிளெய்ம் போட்டா நாலு மாசம் இழுக்கும். அது வரைக்கும் அக்கவுன்ட்டு ஓவர்டியூல நிக்கும். என் இன்சென்டிவ் போவும். மேனேஜர் நிக்க வெச்சி கேப்பாரு. நீ வந்து பதில் சொல்லுவியா?”

அவன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. காரியத்துக்கு மாலை வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறான். அந்த மாலையைப் போட்ட கையால்தான் பணத்தை எண்ணி வாங்கி ரசீது கொடுத்திருக்கிறான்.

மேனேஜரிடம் போனேன்.

“ஸ்டெல்லா, கஸ்டமர் வாலன்ட்டரியா குளோஸ் பண்ணியிருக்காங்க. நாம கழுத்துல கத்தி வெச்சோமா? முடிஞ்ச ஃபைல எதுக்கு நோண்டறீங்க? ரிட்டயர் ஆகப்போற நேரம், நிம்மதியாப் போங்க.”

“நிம்மதியாப் போயிருக்க வேண்டியவன் அந்த சங்கர், சார். டியூ டியூன்னு சொல்லிட்டுச் செத்திருக்கான்.”

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். யாரும் கூப்பிடவில்லை. எனக்குத் தெரியும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நானே பேசினேன். ஒரு பெண் எடுத்தாள்.

“லோன் குளோஸ் ஆனதும் கவர் முடிஞ்சிடும் மேம்.”

“லோன் குளோஸ் ஆனது காரியத்தன்னிக்கு. ஆள் செத்தது அதுக்கு முன்னாடி. செத்த அன்னிக்கு லோன் இருந்துதா?”

“இருந்துது மேம்.”

“கவர்?”

“...இருந்துது மேம்.”

“அப்ப எழுதிக்கம்மா.”

ஒரே போனில் எதுவும் முடியாது. பல போன், பல கடிதம். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். நிபந்தனை ஒன்றுதான். கடனைக் கட்டிய ரசீது கன்னியப்பன் பெயரில் இருந்தது. எனவே பணத்தை மருமகளுக்குத் தரலாம் என்று அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

பாபுவிடமும் பேசினேன். அவன் நேர்மையாகவே சொன்னான். “துட்டு வந்தா தங்கச்சி எனக்குக் குடுத்துட்டு வண்டிய எடுத்துக்கட்டும். மச்சான் வண்டிதான அது. ஆனா நானே நாளுக்கு நாள் ஏர்ற மீட்டர் வட்டிக்கு வாங்கித்தான் குடுத்துகீறேன். ஆவணி வரைக்கும் தாங்குவேன். அதுக்கு மேல முடியாது மேடம். வண்டி மேல பைனான்ஸ் போட்டு வட்டிக்காரன தொலைச்சிடுவேன்.”

ஆவணிக்குள் பணம் வந்தால் வண்டி திரும்பும். கன்னியப்பன் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

4. நெம்மேலி

சர்ச் முடிந்து ஞாயிற்றுக்கிழமை நெம்மேலியில் கன்னியப்பன் வீட்டுக்குப் போனேன். அவருக்கு அன்று ரிசார்ட்டில் மதிய ஷிஃப்ட். வீட்டு வாசலில் யூனிஃபார்ம் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். சேர் எடுத்துப் போட்டார். ரேவதியிடம் காப்பி வைக்கச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னதும் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தார்.

“அந்தத் துட்டு வேணாம்மா.”

“ஏன் பெரியவரே?”

“சபையில எழுந்து நின்னு சொன்னேன், எம்புள்ளைக்கு பாக்கி இல்லன்னு. அத்தினி பங்காளியும் கேட்டுகினு இருந்தான். இப்பப் போய், கட்டினத திருப்பிக் குடுன்னு கை நீட்டினா இன்னா அர்த்தம்? அவன் மறுபடியும் கடன்காரன் ஆயிடுவான். செத்தவன போய் கடன்காரன் ஆக்கச் சொல்றியா?”

உள்ளேயிருந்து ரேவதி சொன்னாள்: “புள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்ட சபை வருமா மாமா?”

“நீ கம்முனு இரு.”

“நான் கம்முனுதான் இருந்தேன். வண்டி விக்கறப்பவும் கம்முனுதான் இருந்தேன்.”

காப்பி வரவில்லை. நான் கிளம்பிவிட்டேன்.

ஆடியில் மறுபடியும் போனேன். வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். அவர் செருப்பு வாசலில் கிடந்தது.

மூன்றாவது தடவை போனபோது ஆவணி பிறந்து பாதி போய்விட்டது. அவரைத் தேடி ரிசார்ட்டுக்கே போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டியூபை மடக்கிப் பிடித்தார். நான் நல்லவிதமாகப் பேசவில்லை. எனக்கு அலுத்துவிட்டது.

“பெரியவரே, நான் சொல்றத ஒரு தடவ முழுசாக் கேளுங்க. அப்புறம் என்னைத் துரத்துங்க. இது தானம் இல்ல. கம்பெனி இரக்கப்பட்டுத் தர்ற துட்டும் இல்ல. சங்கர் லோன் வாங்கின அன்னிக்கே அவன் துட்டுலேருந்து பிரீமியம் புடிச்சிருக்காங்க. நான் போய்ட்டா என் கடன இத வெச்சி அடச்சிக்கோன்னு கட்டற துட்டுதான் அது. செத்த அன்னிக்கே அவன் கடன் அடைபட்டுப் போச்சு. சபையில நீங்க சொன்னது நெசம், அவனுக்குப் பாக்கி இல்ல. நீங்க கட்டினதுக்கு முன்னாடியே இல்ல.”

மடக்கிய டியூப் அவர் கையில் விரிந்து தண்ணீர் காலில் ஓடியது.

“அப்ப அவன் கடனோட போவல.”

“போகல.”

“அது அவனுக்குத் தெரியுமா?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. தெரியும் என்று சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

“தெரியாது. யாரும் சொல்லல.”

அவர் டியூபைக் கீழே போட்டுவிட்டுப் புல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். “டியூ கட்டு, டியூ கட்டுன்னு சொல்லிகினே பூட்டானாமே. பாபு சொன்னான். கட்டி முடிச்சது தெரியாமயே பூட்டானா எம்புள்ள. ஒரு வார்த்த. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த பயமாவது இல்லாத போயிருப்பான்.”

சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்தான். கெஸ்ட் வருகிற இடத்தில் உட்காரக்கூடாது என்றான். நான் அவனைப் பார்த்த பார்வையில் போய்விட்டான். கன்னியப்பன் ஈரக்கையை யூனிஃபார்மில் துடைத்துக்கொண்டு, என் ஃபைலைத் தொடை மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

5. பணம் வந்தது

ஐப்பசியில் வந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரேவதியின் கணக்கில் ஏறிவிட்டது என்று நான்தான் போன் செய்தேன். “சரிங்க மேடம்” என்றாள்.

பாபு புரட்டாசி பாதியிலேயே வேறொரு கம்பெனியில் வண்டி மேல் லோன் போட்டுவிட்டான். சொன்ன கெடுவுக்கு மேல் இரண்டு வாரம் பொறுத்திருக்கிறான். வட்டிக்காரன் ஸ்டாண்டில் வந்து சாவியைப் பிடுங்கினானாம். புது லோனைக் கட்டி வண்டியை எடுக்க வேண்டும் என்றால் ரேவதிக்கு வந்த பணம் பத்தாது. அவனைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

“புது லோன்ல புடிப்பு எவ்ளோ பாபு?”

“அது கீது மேடம், ஒரு அமௌன்ட்டு.”

“அதுல இன்சூரன்ஸ் இருக்கு. பேப்பர வாங்கிப் பாரு. உன் பொண்டாட்டிகிட்ட சொல்லி வை.”

“வுடுங்க மேடம். காலங்காத்தால சாவற பேச்சு.”

சங்கர் செத்ததும் ஒரு காலை நேரத்தில்தான்.

ரேவதி பணத்தைப் பிள்ளைகள் பேரில் பிக்சட் டெபாசிட் போட்டாள். என்னையும் வங்கிக்குக் கூப்பிட்டாள். கவுண்டரில் இருந்த பையன் “நாமினி?” என்று கேட்டான். கேட்டுவிட்டு, அவளுக்குப் புரியாது என்று நினைத்து விளக்கத் தொடங்கினான். “தெரியும் தம்பி, எழுதிக்கோ” என்றாள். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றும் சிரிக்கவில்லை.

இப்போது கேளம்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள். நெம்மேலியிலிருந்து பஸ்ஸில் வந்து, கோவளத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். பல நாள் வருவது அந்த வண்டிதான். முன்கண்ணாடியில் இரண்டு பிள்ளைகள் பெயரும் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும், சங்கர் ஒட்டியது. பாபு அதைக் கிழிக்கவில்லை. முதல் நாள் அவன் காசு வேண்டாம் என்றிருக்கிறான். ரேவதி சீட்டின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறாள். “பாக்கி வெக்கற வூடு இல்ல அண்ணா எங்கள்து” என்றாளாம்.

6. இரண்டாவது கேள்வி

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும் வரை நான் ஒரு வேலை செய்தேன். கடன் வாங்கியவர் யாராவது இறந்துவிட்டார் என்று காதில் விழுந்தால், காரியத்துக்கு முன் அந்த வீட்டுக்குப் போய்விடுவேன். கிளையில் அனுமதி கேட்கவில்லை. லீவு போட்டுக்கொண்டு போனேன். எல்லா வீட்டிலும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். திருப்போரூர் பக்கம் ஒரு வீட்டில் “பொணம் ஆறல, அதுக்குள்ள இன்சூரன்ஸ் விக்க வந்துட்டியா” என்று ஒரு பெண் துடைப்பத்தை எடுத்தாள். அவள் கோபம் நியாயம். கம்பெனிக்காரன் ஒருத்தனாவது அவள் வீட்டு வாசலுக்கு நல்லது சொல்ல வந்திருந்தால்தானே நம்புவதற்கு.

ரிட்டயர் ஆகிவிட்டேன். என் மேஜையில் இப்போது பிரிண்டர் இருக்கிறது.

போன மாதம் நெம்மேலியில் ரேவதியின் சொந்தத்தில் ஒரு காரியம். கூப்பிட்டிருந்தாள், போனேன். செத்தவர் ஒரு கொத்தனார். சடங்கெல்லாம் முடிந்து பெரியவர் எழுந்து அதே கேள்வியைக் கேட்டார். யாருக்கனா தர வேண்டியது இருக்கா?

பந்தல் ஓரத்தில் நின்ற ஒரு பையன் கையைத் தூக்கினான். கழுத்தில் ஐடி கார்டு. வேறு கம்பெனி. கொத்தனாரின் தம்பி மடியிலிருந்து துணி முடிச்சை எடுத்து அவிழ்க்கத் தொடங்கினார்.

நான் எழுந்திருப்பதற்குள் முன்வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார். கன்னியப்பன்.

“அவுக்காத. இரு. அந்தப் பையனக் கேளு மொதல்ல. புடிப்புல இன்சூரன்ஸ் கீதான்னு கேளு. பேப்பர் எடுத்தாரச் சொல்லு. அதுக்கப்பால குடுக்கறதா வேணாமான்னு பாத்துக்கலாம்.”

அந்தப் பையன் போனைப் பார்த்தான். “இருக்கும்னு நெனைக்கிறேன், செக் பண்ணிச் சொல்றேன்” என்றான்.

“செக் பண்ணு. நாங்க உக்காந்துகினுதான் இருப்போம்.”

யாரோ பின்னால், “காரியத்துல இதெல்லாம் வழக்கம் இல்லியே மாமா” என்றார். கன்னியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முடிச்சு அவிழாமலேயே கொத்தனார் தம்பியின் மடிக்குத் திரும்பியது.

இத்தனை வருட வேலையில் நான் கற்றது இதுதான். சபையில் ஒரு கேள்வி போதாது, இரண்டு கேட்க வேண்டும். ‘புடிப்பில் இன்சூரன்ஸ் இருக்கா’ என்ற அந்த இரண்டாவதைப் பதினாறாம் நாள் வரைக்கும் வைத்திருக்கவும் கூடாது. லோன் வாங்குகிற அன்றைக்கே, வாங்குகிறவன் காதில் விழும்படி கேட்க வேண்டும். சங்கர் காதில் அது விழவில்லை.